நியூயார்க் ஸ்போர்ட்ஸ் டாக் ரேடியோ, 1987 முதல் இப்போது வரை: என்ன மாறியது, ஏன் மாறியது?

கடைசிஓவர் (கேள்வி)

வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து இயங்கும் ஒரு தமிழ் இணைய வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் கிரிக்கெட் பேச்சு நிகழ்ச்சி ஒன்றைத் திட்டமிடுகிறோம். நேரலை. நேயர்கள் போன் போட்டுப் பேசலாம். வர்ணனை கிடையாது, முழுக்க முழுக்க வாதம்தான். ஆகாசவாணி நமக்கு வர்ணனை கேட்கப் பழக்கியது. அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனைக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆனால் ஆட்டம் முடிந்தபிறகு நேயரும் தொகுப்பாளரும் மல்லுக்கட்டும் வகைக்குத் தாய்வீடு அமெரிக்கா. அதனால் அங்கிருந்தே கற்கலாம் என்று பார்க்கிறோம்.

யூட்யூபில் கிடைக்கும் 90-களின் நியூயார்க் பதிவுகளையும் இன்றைய நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டும் வேறு வேறு சரக்கு. பழையதில் ஒரு நேயர் மூன்று நான்கு நிமிடம் பேசுகிறார், தொகுப்பாளர் குறுக்கிட்டுத் திட்டுகிறார், நேயர் விடுவதாயில்லை. இப்போது இரண்டு மூன்று தொகுப்பாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நேயர் வந்தால் ஒரு நிமிடத்தில் ஆள் காலி. ஒரே விஷயத்தை மணிக்கு நான்கு தடவை சொல்கிறார்கள்.

கேட்க விரும்புவது:

1. இந்த மாற்றத்துக்குக் காரணம் ரசனையா, முதலாளிகளா, கருவிகளா?
2. பழைய பாணியில் இன்றும் எடுபடக்கூடியது எது?
3. நேயர் அழைப்பை ஒழுங்காக ஒலிபரப்ப ஸ்டூடியோவில் என்னென்ன வேண்டும்? எங்கே சொதப்பும்?

---

பழையஅலை

முதல் கேள்விக்கு மட்டும் என் பங்கு. போன் சமாச்சாரத்தை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எல்லாரும் டபிள்யூஃபேன் என்ற நியூயார்க் நிலையம் தொடங்கிய 1987-இல் ஆரம்பிப்பார்கள். நேயர் அழைப்பு அதற்கு முன்பே இருந்தது. 1964-இல் நியூயார்க் டபிள்யூஎன்பிசி நிலையத்தில் பில் மேசர் இதைச் செய்தார். 70-களில் கிளீவ்லாந்தில் பீட் ஃப்ராங்க்ளின் 1100 ஏஎம்-இல், 50 கிலோவாட் சக்தியில், இரவு நேரத்தில் நேயர்களை வறுத்தெடுத்தார். இரவில் மத்திய அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் அது பல மாநிலங்களுக்குக் கேட்டது. ஆனால் இவையெல்லாம் ஒரு நிலையத்தின் ஒரு நிகழ்ச்சி. 24 மணி நேரமும் விளையாட்டு என்ற யோசனையை 1981 ஜனவரி 1 அன்று எண்டர்பிரைஸ் ரேடியோ என்ற நெட்வொர்க் முயன்று பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இழுத்து மூடினார்கள்.

டபிள்யூஃபேன் (சுருக்கமாக ஃபேன்) 1987 ஜூலை 1, பிற்பகல் 3 மணிக்கு 1050 ஏஎம்-இல் தொடங்கியது. அதுவரை அந்த அலைவரிசையில் கன்ட்ரி இசை. மெட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்ட உரிமை அந்த நிலையத்திடம் ஏற்கெனவே இருந்தது, மெட்ஸ் 1986-இல் உலகத் தொடரை வென்றிருந்த சூடும் இருந்தது. முதல் குரல் சூசின் வால்ட்மன். கிளீவ்லாந்து ஃப்ராங்க்ளினையே மதிய நேரத்துக்கு வரவழைத்தார்கள். சரியாகப் போகவில்லை, நஷ்டம். வெளியூர்ப் பிரபலங்களைக் கொண்டுவந்து வைத்ததை நியூயார்க்காரர்கள் ஏற்கவில்லை என்பது என் கணிப்பு.

உண்மையான திருப்பம் 1988 அக்டோபர் 7. எம்மிஸ் நிறுவனம் டபிள்யூஎன்பிசியின் 660 ஏஎம்-ஐ வாங்கி, ஃபேனை அங்கே மாற்றியது. கூடவே இரண்டு வரவு. ஒன்று, கிழக்குக் கடற்கரை முழுக்க இரவில் கேட்கும் 50 கிலோவாட் அலைவரிசை. இரண்டு, காலை நேரத்துக்கு டான் ஐமஸ். அவர் நிகழ்ச்சி விளையாட்டே கிடையாது, நையாண்டியும் அரசியலும்தான். ஆனால் விளம்பரக் காசு அவரால் வந்தது, மற்ற நேரம் விளையாட்டுப் பேச அந்தக் காசு இடம் கொடுத்தது. 1989 செப்டம்பரில் மைக் ஃப்ரான்செசாவையும் கிறிஸ் ருஸ்ஸோவையும் மதியத்துக்கு ஜோடி சேர்த்தார்கள். அந்த ஜோடி 2008 ஆகஸ்ட் வரை ஓடியது. நீங்கள் யூட்யூபில் கேட்பது அதைத்தான். 1992-இல் இன்ஃபினிட்டி நிறுவனம் அந்த நிலையத்தை 7 கோடி டாலருக்கு வாங்கியபோது, விளையாட்டுப் பேச்சு காசாகாது என்று சொன்னவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

ஒரு தவறான விளக்கம் அடிக்கடி கண்ணில் படுகிறது: ஃபேர்னஸ் டாக்ட்ரின் (சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி) ரத்தானதால்தான் இந்த வகை வளர்ந்தது என்பார்கள். அது அரசியல் பேச்சு ரேடியோவுக்குப் பொருந்தும். ரத்தானது 1987 ஆகஸ்ட். ஃபேன் அதற்கு முந்தைய மாதமே தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் இன்னொரு பேஸ்பால் அணியான யாங்கீஸைத் திட்டினால் யாங்கீஸுக்குச் சம நேரம் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இருந்ததில்லை.

நாடெங்கும் பரவியதற்கு எளிய காரணம் உண்டு. இசை எஃப்எம்முக்குப் போய்விட்டது. ஏஎம் உரிமம் வைத்திருந்தவர்கள் கையில் காலி அலைவரிசை. பேச்சுக்கு ஏஎம் தரம் போதும். 1996 தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை எடுத்தது. பெரிய நகரத்தில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. எட்டு நிலையம் வைத்திருப்பவர் ஒன்றை விளையாட்டுக்கு ஒதுக்குவார். ஆள் போட்டு நடத்த மனமில்லாவிட்டால் ஈஎஸ்பிஎன் ரேடியோவையோ ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் ரேடியோவையோ சாட்டிலைட்டில் இழுத்து ஓட்டுவார். சின்ன ஊர் ரேடியோவில் உள்ளூர்க் குரல் மெலிந்தது அப்போதுதான்.

அடுத்து எஃப்எம் தாவல். பாஸ்டனில் 2009-இல் 98.5 எஃப்எம் வந்து, ஏஎம்-இல் ராஜாவாக இருந்த டபிள்யூஈஈஐயை உலுக்கியது. 2011-இல் அவர்களும் 93.7 எஃப்எம்முக்கு வந்தார்கள், பிலடெல்பியாவின் டபிள்யூஐபி 94.1-க்குப் போனது. ஃபேன் 2012 நவம்பரில் 101.9-ஐயும் சேர்த்துக்கொண்டது. எஃப்எம்முக்கு வந்ததும் நிகழ்ச்சியின் தோரணை மாறியது: சிரிப்பு, ஒலித் துணுக்கு, சினிமா, சாப்பாடு என்று விளையாட்டைச் சுற்றிய அரட்டை கூடியது. புள்ளிவிவரக் கிழவர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் தான்.

இதில் ஒரு வேடிக்கை. 2024 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் நியூயார்க், 98.7 எஃப்எம் குத்தகையை விட்டு 880 ஏஎம்முக்கு வந்தது. அது அதுவரை டபிள்யூசிபிஎஸ் செய்தி நிலையம். 660-க்கும் 880-க்கும் பிராங்ஸ் பக்கம் ஹை ஐலண்டில் ஒரே கோபுரம். ஆக, நியூயார்க்கின் இரண்டு எதிரி விளையாட்டு நிலையங்களின் ஏஎம் சிக்னலும் இப்போது ஒரே கம்பியிலிருந்து கிளம்புகிறது. போட்டி இனி அலைவரிசையில் இல்லை, ஆப்பிலும் யூட்யூபிலும்தான்.

---

புள்ளிக்கணக்கு

பழையஅலை சொன்ன வரலாறு சரி, ஆனால் கேள்வி கேட்டவர் கவனித்த மூன்று மாற்றங்களுக்கும் (நேயர் நேரம் சுருங்கியது, ஜோடி அரட்டை, ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்வது) அதில் பதில் இல்லை. மூன்றுக்கும் ஒரே பதில்: கேட்பவரை எண்ணும் முறை மாறியது.

2007-க்கு முன்பு ஆர்பிட்ரான் நிறுவனம் காகித டைரி அனுப்பும். வியாழன் முதல் புதன் வரை ஒரு வாரம், எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கேட்டோம் என்று நேயரே எழுதி அனுப்ப வேண்டும். மனிதர்கள் எப்படி எழுதுவார்கள்? புதன்கிழமை ராத்திரி உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து, தாராளமாக. “ஃபேன், 3 முதல் 6.30” என்று. நடுவில் இரண்டு முறை மாற்றியது, கடைக்குப் போனது எதுவும் பதிவாகாது. எனவே டைரிக் காலத்தில் ஜெயிக்க வேண்டுமானால் ஞாபகத்தில் நிற்க வேண்டும். நீளமான சண்டை, மறக்க முடியாத நேயர், ஓயாமல் நிலையத்தின் பெயர். மைக் அண்ட் த மேட் டாக்கில் (ஃப்ரான்செசா–ருஸ்ஸோ ஜோடியின் நிகழ்ச்சி) ஒரே நேயரோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுவது வியாபாரத்துக்கே நல்லது. மறுநாள் அதையே ஊர் பேசும், டைரியில் ஏறும்.

2007-இல் ஹூஸ்டனிலும் பிலடெல்பியாவிலும், 2008-இல் நியூயார்க்கிலும் பிபிஎம் என்ற கருவி, அதாவது மீட்டர், வந்தது. பேஜர் அளவில் இடுப்பில் மாட்டிக்கொள்வது. நிலையத்தின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்து அனுப்பப்படும், கருவி அதைப் பிடித்து நிமிடவாரியாகப் பதியும். எழுதுவது, ஞாபகம் எதுவும் கிடையாது. தெரியவந்த உண்மை: மக்கள் நினைத்ததைவிட அதிக நிலையங்களைக் கேட்கிறார்கள், ஒவ்வொன்றிலும் நினைத்ததைவிடக் குறைவாகவே நிற்கிறார்கள்.

2024 வரை கணக்கு இப்படி. ஒரு மணி நேரம் நான்கு கால் மணிகளாகப் பிரியும். ஒரு கால் மணிக்குள் 5 நிமிடம் கேட்டால் அந்தக் கால் மணி முழுக்கக் கேட்டதாக வரவு. விளம்பர இடைவேளையை எங்கே வைப்பது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 4:15-க்குத் தொடங்கும் கால் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளை 4:19-க்கு வந்து, நேயர் அப்போதே வேறு நிலையத்துக்குத் தாவி 4:30 வரை திரும்பாவிட்டால் கேட்டது 4 நிமிடம், வரவு பூஜ்யம். அதே இடைவேளை 4:21-க்கு வந்தால் கேட்டது 6 நிமிடம், கால் மணி முழுவதும் வரவு. இரண்டு நிமிடத் தள்ளிப்போடலில் விஷயம் முடிந்தது. தொகுப்பாளர் சில சமயம் பேச்சை வலிந்து இழுப்பதும், சில சமயம் நேயரைப் பட்டென்று வெட்டுவதும் கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

நேயர் ஏன் சுருங்கினார்? நிமிடவாரி வரைபடத்தைத் தயாரிப்பாளர் திரையில் பார்க்கிறார். சுவாரசியமில்லாத நேயர் வந்த நிமிடத்தில் கோடு இறங்குவது அப்பட்டமாகத் தெரிகிறது. ஆலோசகர்கள் சொன்ன மருந்து: நேயரைக் குறை, சம்பளம் வாங்கும் இருவரைப் பேச விடு, எல்லாருக்கும் தெரிந்த தலைப்பை மட்டும் எடு. நேயர் சராசரியாகக் கொஞ்ச நேரமே நிற்கிறார் என்றால், 4:10-க்குச் சொன்னதை 4:40-க்கு வருபவர் கேட்டிருக்க மாட்டார். எனவே அதே தலைப்பு மறுபடியும். நீங்கள் எரிச்சலடைவது ஒரு மணி நேரம் தொடர்ந்து கேட்பதால். இந்த முறை உங்களைக் கணக்கில் வைத்துச் செய்யப்படவில்லை. நியூயார்க்கில் ஹாக்கி பற்றிய பேச்சு அருகியதற்கும் இதுவே காரணம் என்பேன். ரேஞ்சர்ஸ் ஹாக்கி அணி பற்றிப் பேசினால் யாங்கீஸ் ஆள் தாவுவார்.

இதில் இன்னொரு கோளாறு உண்டு. அந்தக் குறியீடு சுமார் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில், நிகழ்ச்சி ஒலிக்கு அடியில் ஒளிந்து போகும். ஒளிய ஒலி வேண்டும். பாட்டு இடைவிடாமல் ஓடும்போது நன்றாக ஒளியும். ஒற்றைக் குரல் நிறுத்தி நிறுத்திப் பேசினால் இடைவெளிகளில் ஒளிய இடமில்லை, கருவி தவறவிடும். 2014-இல் வால்டேர் என்ற பெட்டி வந்தது, ஏறக்குறைய 15,000 டாலர். குறியீட்டை இன்னும் உரக்கக் கேட்கவைக்கும். பல நிலையங்கள் சொல்லாமல் வாங்கிப் போட்டன. 2013-லேயே ஆர்பிட்ரானை வாங்கியிருந்த நீல்சன், 2015-இல் எல்லா நிலையங்களுக்கும் குறியீட்டை வலுப்படுத்திக் கொடுத்து அந்தச் சண்டையை ஓரளவு முடித்தது. மௌனம் விட்டுப் பேசும் தொகுப்பாளரைவிட, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசும் மூவர் கூட்டணி மீட்டருக்கும் சௌகரியம். ரசனை என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் ஒலிப்பொறியியலும் கலந்திருக்கிறது.

2025 ஜனவரியிலிருந்து 5 நிமிடம் என்பதை 3 நிமிடமாக நீல்சன் குறைத்துவிட்டது. 4:18-க்கே இடைவேளை விடலாம். அங்கங்கே எட்டிப்பார்க்கும் நேயருக்கும் வரவு விழும் என்பதால், துண்டு துண்டான பேச்சு இனிமேல் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

---

பழையஅலை

@புள்ளிக்கணக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் மீட்டர் தலையில் கட்டாதீர்கள். 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்துவந்த பாஸ்பா சட்டத்தை ரத்து செய்து, மாநிலங்கள் பந்தயத்தை அனுமதிக்கலாம் என்றது. நியூ ஜெர்சி அடுத்த மாதமே திறந்தது. நியூயார்க்கில் மொபைல் பந்தயம் 2022 ஜனவரியில் வந்தது. அதன்பின் ஒவ்வொரு மணியிலும் ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் போன்ற பந்தய நிறுவனங்களின் விளம்பரம் இல்லாமல் இல்லை. பந்தய விகிதம் முன்பு மறைமுகக் கிசுகிசுவாக இருந்தது, இப்போது தொகுப்பாளரே வாசிக்கும் விளம்பரம். “நேற்று ஏன் தோற்றார்கள்” என்ற பேச்சிலிருந்து “இன்று எத்தனை புள்ளியில் ஜெயிப்பார்கள்” என்ற பேச்சுக்கு நகர்ந்ததற்கு மீட்டர் காரணமல்ல.

---

புள்ளிக்கணக்கு

அதுவும் சரிதான். இந்த விளம்பரங்களின் வாலில் சூதாட்ட உதவி எண்ணையும் விதிமுறைகளையும் மூச்சுவிடாமல் வாசிக்க வேண்டியிருக்கிறது. 30 வினாடி விளம்பரத்தில் கடைசிப் பகுதி அதற்கே போகும்.

---

மிக்ஸர்மணி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

முதலில் பழைய பதிவுகளில் நீங்கள் கேட்ட ஒன்றுக்கு விளக்கம். ருஸ்ஸோ கத்தும்போது நேயரின் குரல் அமுங்கிப்போகும், கவனித்தீர்களா? பாதி அவர் தொண்டை, பாதி கருவி. சாதா டெலிபோன் லைனில் போகிற குரலும் வருகிற குரலும் ஒரே ஜோடிக் கம்பியில். அதைப் பிரிக்க ஹைப்ரிட் என்ற பெட்டி வேண்டும். முழுசாகப் பிரிக்காது. மிச்சம் கசிந்தால் தொகுப்பாளரின் குரல் தகர டப்பாவுக்குள் இருப்பது போல் கேட்கும். அதை மறைக்க, தொகுப்பாளர் வாய் திறந்ததும் நேயரின் அளவைத் தானாகவே இறக்கும் வசதியை ஹைப்ரிட்டில் வைத்தார்கள். சண்டையில் எப்போதும் தொகுப்பாளர் ஜெயித்ததற்கு அந்தப் பெட்டியும் உடந்தை. அலைவரிசை அகலமும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ்தான். இப்போது இணைய வழி அழைப்பில் ஜி.722 கோடெக் (ஒலியை இலக்கமாக்கி அனுப்பும் முறை) 7 கிலோஹெர்ட்ஸ் வரை தருகிறது, போவதும் வருவதும் தனித்தனி. ஆனால் செல்போனில் தாமதம் உண்டு. நேயர் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் தொகுப்பாளர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார், இருவரும் மோதி, இருவரும் நிறுத்தி, இருவரும் மறுபடி ஆரம்பிப்பார்கள். கேள்வி கேட்டபின் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டிருக்கத் தொகுப்பாளரைப் பழக்குங்கள்.

உங்களுக்கு வேண்டியவை:

மிக்ஸ் மைனஸ். நேயர் காதுக்கு அவருடைய குரல் தவிர மற்றதெல்லாம் போக வேண்டும். அவர் குரலே திரும்பிப் போனால் எதிரொலி, அவரால் பேச முடியாது. சின்ன மிக்ஸரில் ஆக்ஸ் 1 என்ற தனி வெளியீட்டை இதற்கு ஒதுக்குங்கள். தொகுப்பாளர் மைக், ஜிங்கிள் சேனல்களில் ஆக்ஸ் 1 குமிழைத் திறந்து வையுங்கள், நேயர் சேனலில் மட்டும் பூஜ்யம். ஆக்ஸ் அவுட்டை நேயர் போனின் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். இரண்டு நேயர்களை ஒரே சமயம் எடுப்பதானால் இரண்டு ஆக்ஸ் வேண்டும்: ஒவ்வொருவருக்கும் மற்றவர் குரல் போகணும், தன் குரல் போகக் கூடாது. ரோடுகாஸ்டர் ப்ரோ போன்ற மிக்ஸர்களில் இது தானாக நடக்கும்.

டிலே. ஒலியைச் சில வினாடி பிடித்துவைத்து அனுப்புவது. கெட்ட வார்த்தையைத் தடுக்க 8 வினாடி போதும். பட்டனை அமுக்கினால் கடைசி 4 வினாடி வெட்டுப்படும், மீதி 4 இன்னொரு தடவைக்குக் கையிருப்பு, பிறகு பேச்சைக் காதுக்குத் தெரியாத அளவு நீட்டி நீட்டி மறுபடி 8-க்கு நிரப்பும். பெரிய நிலையங்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2006 சட்டம் ஒரு மீறலுக்கான அபராத உச்சத்தை 3,25,000 டாலராக்கியது. இணைய வானொலிக்கு அந்த அபராதம் கிடையாது, மானம் போவதைத் தடுக்கத்தான் வேண்டும்.

இங்கேதான் இணையக்காரர்கள் தவறு செய்வார்கள். “நம்ம ஸ்ட்ரீமே 30 வினாடி தாமதமாகத்தான் போகுது, தனியா டிலே எதுக்கு?” என்பார்கள். என்கோடரிலிருந்து (ஒலியை ஸ்ட்ரீமாக மாற்றுவது) சர்வருக்குப் போய்விட்ட ஒலியை உங்களால் திரும்பப் பிடிக்க முடியாது, அந்த 30 வினாடியில் உங்கள் கையில் எதுவும் இல்லை. டிலே என்கோடருக்கு முன்னால் இருக்க வேண்டும். அதேபோல் மிக்ஸ் மைனஸை டிலேக்கு முந்தைய இடத்திலிருந்து எடுங்கள். பின்னாலிருந்து எடுத்தால் நேயர் 8 வினாடி பழைய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அமெரிக்க ரேடியோவில் “டர்ன் டவுன் யுவர் ரேடியோ” என்று சொல்லிச் சொல்லியே பாதி நேரம் போகும். நேயர் தன் வீட்டில் ஒலிக்கும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டே பேசினால் குழம்புவார். இதை ஒலிபரப்பில் சொல்ல வைக்காதீர்கள், லைனில் காத்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அழைப்பை வடிகட்டும் ஆள். கருவியைவிட இவர் முக்கியம். கேட்க வேண்டியது நான்கு: பெயர், ஊர், சொல்லப்போவது ஒரே வாக்கியத்தில், ஸ்பீக்கர் போனா இல்லையா. ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியாதவர் ஒலிபரப்பிலும் சொல்லமாட்டார். ஸ்பீக்கர் போன், ஓடுகிற கார், டீக்கடைச் சத்தம் என்றால் நன்றி சொல்லிப் பிறகு கூப்பிடச் சொல்லுங்கள். தொகுப்பாளர் திரையில் இந்த ஒரு வரி தெரிய வேண்டும். பகிரும் கூகுள் ஷீட் போதும். தொகுப்பாளர், மிக்ஸர் ஆள், வடிகட்டுபவர் என்று மூவருக்குக் குறைந்து நேரலை அழைப்பு எடுக்காதீர்கள்.

அளவு. நேயர் சேனலில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், 3:1 கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போடுங்கள். மொத்த ஒலி ஸ்டீரியோவில் -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்த அளவின் அலகு) பக்கம் இருந்தால் போனில் கேட்பவர் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க மாட்டார். நேயரையும் தொகுப்பாளரையும் சம அளவில் வையுங்கள். பழைய ஹைப்ரிட் மாதிரி அமுக்க வேண்டாம்.

---

கடைசிஓவர்

மிக்க நன்றி. பழையஅலை சார், புள்ளிக்கணக்கு சார், இரண்டாவது கேள்வி மட்டும் பாக்கி. எங்களுக்கு மீட்டரும் கிடையாது, விளம்பரமும் மணிக்கு இரண்டு நிமிடம்தான். அப்படியானால் 90-களின் பாணியையே பிடிக்கலாமா? இன்னொன்று, சென்னையில் ஒரு தனியார் எஃப்எம் எங்கள் நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்ப வாய்ப்பிருக்கிறதா?

---

புள்ளிக்கணக்கு

மீட்டர் இல்லை என்பது உங்களுக்கு வரப்பிரசாதம், ஆனால் நேயர் தாவும் பழக்கம் மீட்டரால் வந்ததல்ல. ஸ்ட்ரீம் சர்வரில் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்ற எண் நிமிடவாரியாகக் கிடைக்கும். அதை முதல் சில வாரம் பார்த்தாலே போதும்.

பழையதில் எடுக்க வேண்டியது நேயரின் இடம். அவரை மூன்று நிமிடம் விடுங்கள், மறுத்துப் பேசுங்கள், அவர் மறுபடி மறுக்க வாய்ப்புக் கொடுங்கள். புதியதில் எடுக்க வேண்டியது நினைவூட்டல். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, யார் பேசுகிறோம், எதைப் பற்றி, எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று 15 வினாடியில் சொல்லிவிடுங்கள். முன்னோட்டம் கொடுக்கும்போது “அடுத்து ஒரு சுவாரசியமான விஷயம்” என்று சொன்னால் யாரும் நிற்கமாட்டார்கள். “சேப்பாக்கத்தில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கியது சரியா, கோவை நேயர் தப்பு என்கிறார், அடுத்து அவர்” என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மணியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: முதல் 8 நிமிடம் தொகுப்பாளரின் நிலைப்பாடு, அதுவும் ஒரே ஒரு நிலைப்பாடு, யாராவது மறுக்கும்படியாக. பிறகு நேயர்கள், 25 நிமிடம் வரை. நடுவில் ஒரு விருந்தினர், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மீதியெல்லாம் மறுபடி நேயர்கள். முதல் வாரங்களில் போன் வராது. அதற்கு முன்கூட்டியே வாட்ஸ்அப் குரல் பதிவு கேட்டு நான்கைந்து கையில் வைத்திருங்கள். போலி நேயரை மட்டும் வைக்காதீர்கள், குரலில் தெரிந்துவிடும்.

நிகழ்ச்சி முடிந்ததும் பாட்காஸ்டாகப் போடுவீர்கள்தானே? மணி, ஸ்கோர், “இப்போது கூப்பிடுங்கள்” என்ற பகுதிகளை வெட்டிவிட்டுப் போடுங்கள். மறுநாள் கேட்பவருக்கு அதெல்லாம் குப்பை.

---

பழையஅலை

சென்னை எஃப்எம் விஷயம். தனியார் எஃப்எம்முக்கான மூன்றாம் கட்டக் கொள்கை (2011) சொந்தமாகச் செய்தி தயாரிக்க விடுவதில்லை, ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம். விளையாட்டு நிகழ்வுகள் பற்றிய தகவலுக்கு அனுமதி உண்டு, நேரடி ஒலிபரப்புக்குக் கிடையாது. உள்ளூர் அளவிலான போட்டிக்கு மட்டும் நேரடி வர்ணனை அனுமதிக்கப்படலாம் என்று ஒரு விலக்கு. எனவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்துக்குப் பந்து பேசும் பகுதி உங்கள் நிகழ்ச்சியில் இருந்தால் அதை அப்படியே எடுத்துப் போட எந்த நிலையமும் தயங்கும். ஆட்டம் முடிந்தபின் பதிவு செய்து, ஸ்கோரையும் அலசலையும் மட்டும் வைத்த பதிப்பு ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். உரிம நிபந்தனையை அந்த நிலையத்தின் ஆட்களே பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொன்று. நியூ ஜெர்சியில் சட்டப்படி சரி என்பதால் பந்தய விளம்பரம் எடுக்க ஆசை வரும். உங்கள் ஸ்ட்ரீம் இந்தியாவிலும் கேட்கும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022-லேயே இணையப் பந்தய விளம்பரங்களுக்கு எதிராக அறிவுரை விட்டது, 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கே தடைச் சட்டம் வந்துவிட்டது. சென்னை எஃப்எம் கனவு இருந்தால் அந்த விளம்பரங்கள் பக்கம் போகாதீர்கள். ஐபிஎல் ஒளிபரப்பின் ஒலித் துண்டுகளையும் உரிமையில்லாமல் போட வேண்டாம். தொகுப்பாளர் வாயாலேயே அந்த ஓவரைச் சொல்லட்டும்.

---

மிக்ஸர்மணி

முதல் ஒலிபரப்புக்கு முந்தின நாள், வெளியே இருந்து ஒருவரைச் செல்போனில் கூப்பிடச் சொல்லி, ஸ்ட்ரீமை இன்னொரு போனில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். எதிரொலி, அளவு வித்தியாசம், டிலே பட்டன் மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். டிலே பட்டனை அமுக்குவது யார் என்று பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். தொகுப்பாளரிடம் கொடுக்காதீர்கள், சண்டை சூட்டில் அவர் மறந்துவிடுவார்.